ஓவர்லோடு அத்தானின் குழி

அத்தானுக்குக் கம்பெனியில் ‘ஓவர்லோடு’ என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள் பெயரை மட்டும் கேள்விப்பட்டு ஒரு மலையை எதிர்பார்த்து வருவார்கள். தோள் எலும்பு சட்டையை மீறித் துருத்திக்கொண்டிருக்க, ஒரு மனிதர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். “மலை கரைஞ்சு போச்சு தம்பி, பேர் மட்டும் கரையல” என்பார்.

அக்காவின் கணவர் என்பதால் எனக்கு அத்தான். லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். பிறகு அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே குடிபோனேன். ஆகவே இதில் கொஞ்சம் நானே பார்த்தது, மீதி இருவரும் தனித்தனியே சொன்னது. எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டேன். அத்தான் “எழுது” என்றார். அக்கா “நாத்தம் வராம எழுது” என்றாள். அது முடியாது என்று இப்போதே தெரிகிறது.

பெயர் வந்த விதம் இது. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் சின்ன லிஃப்டைச் சரிசெய்து முடித்துவிட்டு, அத்தானும் அவருடைய ஜோடி ஆளும் கருவிப்பெட்டியோடு உள்ளே ஏறினார்கள். கதவு மூடவில்லை. எடை அதிகம் என்று பஸ்ஸர் கத்தியது. கருவிப்பெட்டியை வெளியே வைத்தார்கள். கத்தல் நிற்கவில்லை. ஜோடி ஆள் இறங்கினார். அப்போதும் நிற்கவில்லை. வெளியே காத்திருந்த ஓர் அலுவலர், “இன்னும் ரிப்பேர்தான் போலிருக்கு” என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அத்தானை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “ஓ” என்றார். அந்த ஓர் எழுத்தை அத்தான் ஜென்மத்துக்கும் மறக்கப் போவதில்லை. ஜோடி ஆளுக்குக் கம்பெனியில் ‘ரேடியோ’ என்று பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. மாலைக்குள் கம்பெனி முழுக்க விஷயம் ஒலிபரப்பாகிவிட்டது.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் அத்தானுக்குப் பூட்டவில்லை. மேலாளர் நல்ல மனிதர், அதனால் நேராகச் சொல்லவில்லை. “கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருங்க, முதுகுக்கு ரெஸ்ட்” என்றார். முதுகில் ஒரு கோளாறும் இல்லை. புகார் கேட்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்வார்கள். “பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு” என்று சொல்ல வேண்டும். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே தானும் மாட்டிக்கொண்டிருந்தபடி அத்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவிச் சுத்திகரிக்கும் அறையில் வேலை செய்கிறாள். மூக்கு அவளுக்கு அளவுக்கு மீறிக் கூர்மை. அழுக்கைக் கண்டால் அவளுக்கு ஒரு முகம் வரும்: மேலுதடு லேசாகத் தூக்கிக்கொள்ளும், கண் சிறுத்துப்போகும், கால் தானாக அரை அடி பின்னால் போகும். அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும், பக்கத்து வீட்டார் வாசலில் வைக்கும் குப்பைப் பைக்கும் அந்த முகம்தான். அத்தான் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் இருந்த நாட்களில், அவள்தான் உட்கார்ந்து மாட்டிவிடுவாள். அப்போதுகூட அந்த முகம் அவர் பக்கம் திரும்பியதில்லை. “அது என் பக்கம் திரும்பிடக் கூடாது. ஷாஃப்டு, சம்பளம் எல்லாம் அப்புறம்” என்று அத்தான் ஒருமுறை என்னிடம் சொன்னார். இளைத்ததும் அதற்காகத்தான், பிறகு திருட்டுத்தனம் செய்ததும் அதற்காகத்தான்.

இளைத்த கதையில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர், உணவு ஆலோசகர், நடை, இரண்டு வருஷம். ஆனால் அத்தானிடம் சொந்தச் சரக்கு ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் குழி.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் அடியில் ஒரு குழி உண்டு. ஆள் குனிந்து நிற்கிற ஆழம். வாசல் படிக்கும் லிஃப்ட் கூண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதே, அதில் விழுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். சாவி, காதணி, சிகரெட் துண்டு, வெட்டிய நகம், சளி துடைத்த காகிதம், புண்ணிலிருந்து உரித்த பிளாஸ்திரி. மேலேயிருந்து கம்பிவடத்தின் கறுப்பு எண்ணெய் சொட்டும். பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசியும். கட்டடத்தில் இருக்கிற எல்லார் தலைமுடியும் காற்றோடு இறங்கி வந்து அதில் பின்னிக்கொள்ளும். எலி செத்தால் அதுவும் ஊறும். சேறும் இல்லாமல் சளியும் இல்லாமல் ஒன்று உருவாகும். கரண்டியால் வாரினால் நூல் நூலாக இழுக்கும்.

ஆசை கிளம்பும்போதெல்லாம் அத்தான் இதைத்தான் நினைத்துக்கொள்வார். அதைப் பசி என்று சொல்ல முடியாது. பசி என்றால் ஒரு தட்டுச் சோற்றில் அடங்கிவிடும். இது தட்டைப் பார்ப்பதில்லை, ருசியைப் பார்ப்பதில்லை, கடையையே உள்ளே தள்ளச் சொல்கிற ஒரு வெறி. கேக் கடைக் கண்ணாடி முன்னால் கால் நின்றுவிட்டால், அத்தான் மனதுக்குள் அந்தக் க்ரீமின் மேல் எலியின் ஈர வாலை எடுத்து வைப்பார். வயிறு ஒரு புரட்டுப் புரட்டும். கால் நகர்ந்துவிடும். “இதுக்குக் காசு வேண்டாம், மாத்திரை வேண்டாம்” என்று பெருமையாகச் சொல்வார். எனக்குக் கேட்கவே குமட்டும். பெல்ட் பூட்டியது. ஷாஃப்டுக்குத் திரும்பினார். ஏழு வருஷம் அப்படியே ஓடியது.

இளைக்கிற ஆளை எல்லாரும் பாராட்டுவார்கள். இளைத்தே இருக்கிற ஆளை யாரும் பாராட்டுவதில்லை. முதல் வருஷம் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது. ஆனால் உள்ளே வேலை மட்டும் குறையவில்லை. தினமும் அதே கண்ணாடி, அதே எலி. ஒரு கட்டத்தில் கால்சட்டை லேசாக இறுக்குவதுபோலத் தோன்றியது. உண்மையில் இறுக்கியதா என்று தெரியாது. பயம் இறுக்கியது. காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். பிறகு மதியத்தையும் நிறுத்தினார். பகல் முழுக்கத் தேநீர்.

பகலெல்லாம் காய்ந்து கிடந்த வயிறு சாயங்காலம் நாயாகிவிடும். உடற்பயிற்சி என்று சொல்லி அத்தான் லிஃப்டில் ஏறாமல் படியில்தான் வீட்டுக்கு வருவார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு திருப்பத்தில் விளக்கு எரியாது. அங்கே உட்கார்ந்து க்ரீம் பிஸ்கட்டை இரண்டு இரண்டாக வாய்க்குள் திணிப்பார். அவரே சொன்னார்: மெல்ல நேரம் இருக்காது, எச்சிலில் ஊறி மாவாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், விரலை விட்டுச் சுரண்டி மறுபடி விழுங்குவார். மேல்மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவார். மூக்கில் பிஸ்கட் தூள் வரும். சட்டையில் உதிர்ந்ததையும் எச்சில் தொட்டு ஒற்றித் தின்பார். விரலைச் சுவரில் துடைப்பார். முடிந்தபிறகு தன் மூச்சின் இனிப்பு நாற்றம் தனக்கே அடிக்கும். “பன்னி மாதிரின்னு சொல்ல மாட்டேன். பன்னி ஒளிஞ்சு திங்காது” என்றார்.

காலி உறைகளை வீட்டுக் குப்பையில் போட முடியாது, அக்காவின் மூக்கு இருக்கிறது. தெருத் தொட்டி அவர்கள் பால்கனிக்கு நேர் எதிரே. எனவே மூன்றாம் மாடியில் லிஃப்டைக் கூப்பிடுவார். கதவு திறந்ததும், முடிச்சுப் போட்டுச் சிறிதாக்கிய உறையைக் காலால் அந்த இரண்டு விரல் இடைவெளிக்குள் தள்ளிவிட்டு, மீண்டும் படியேறுவார். தன் தொழிலில் தினமும் எதைக் கண்டால் வாந்தி வருகிறதோ, அதை அவரே தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு தைரியமும் இருந்தது. அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம்: யாரும் தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அக்கம்பக்கத்தார் சோறு தின்னக்கூட விடமாட்டார்கள், எதற்கெடுத்தாலும் கதவைத் தட்டுவார்கள் என்பதால் வந்த வழக்கம். எங்கள் கட்டடம் வேறொரு ஜோடியின் பொறுப்பு. ஆக, அது வேறு யாரோ அள்ளப் போகிற குழி.

படித் திருப்பத்தில் எறும்பு வரிசை கட்டியது. லிஃப்டில் ஒரு புளித்த வாடை கிளம்பியது. அக்கா கட்டடக் குழுவின் செயலாளர். மூக்கை மேலே தூக்கி ஒவ்வொரு மாடியாக மோந்து பார்த்தாள். மூன்றாம் மாடியில் தனியாட்கள் மூவர் ஒரு வீட்டை எடுத்துத் தங்கியிருந்தார்கள். எறும்பு வரிசை அவர்கள் வாசலை ஒட்டித்தான் போனது. வேறென்ன சாட்சி வேண்டும். ‘மனிதர்கள் வாழும் இடம் இது’ என்று ஆரம்பித்து அவள் எழுதிய அறிவிப்பை லிஃப்டுக்குள் ஒட்டினாள். மூன்றாம் மாடிக்காரர்கள் இப்படியே இருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டியிருக்கும் என்று முடித்திருந்தாள்.

“எப்படித்தான் இவனுங்களுக்குச் சோறு உள்ள போகுதோ” என்றாள், ஒட்டிவிட்டு வந்து.

“சில பேர் அப்படித்தான்” என்றார் அத்தான். அன்றைக்கும் அவர் படியில்தான் வந்திருந்தார்.

லிஃப்டுக்கான அரசாங்கச் சோதனை நெருங்கியது. அதற்கு முன் குழியைச் சுத்தம் செய்தாக வேண்டும். எங்கள் கட்டடத்தைப் பார்க்கும் ஜோடியில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை, இன்னொருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேலாளர் அத்தானைக் கூப்பிட்டு, “வழக்கம் தெரியும், இந்த ஒரு தடவை” என்றார். அக்காவுக்குச் சேதி எட்டியதும் அவள் அரை நாள் லீவு போட்டாள். “உள்ள இருக்கறத அப்படியே பையில கட்டி எடுத்து வாங்க. அந்தப் பசங்க மூஞ்சிக்கு நேரா பிரிச்சுக் காட்டறேன்” என்றாள்.

தரைத்தளத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்து, கூண்டை மேலே நிறுத்தி, அது நகராதபடி, வாசலிலிருந்தே கைக்கு எட்டும் ஸ்டாப் சுவிட்சைப் போட்டுவிட்டு ரேடியோ ஏணியில் முதலில் இறங்கினார். பின்னால் அத்தான். காலையில் குடித்த தேநீர் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. காலடியில் சளப்பென்றது.

“நாத்தம் பாருங்கண்ணே. செத்ததா, இனிமேதான் சாகப் போகுதான்னே தெரியல” என்றார் ரேடியோ.

“பேசாம அள்ளு.”

“பேசாம அள்ளுனா மூக்கால மூச்சு விடணும். அதுக்குத்தான் பேசிக்கிட்டே வாயால விடறேன்.”

பேசினார். தன் மருமகனைப் பற்றித்தான். மாமனார் வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜின் ப்ளக்கைச் சுவரில் செருகவும் மாமனாரே வரவேண்டும் என்று அவன் எதிர்பார்க்கிறானாம். நடுவில் டார்ச்சைக் கீழே திருப்பினார்.

“இது என்னண்ணே, பிஸ்கட் கவரு. முடிச்சுப் போட்டு விட்டிருக்கான். இந்தா இன்னொண்ணு. இங்க பாருங்க, இங்கயும். ஒரே பிஸ்கட், ஒரே ஆளு. முட்டை போட்ட மாதிரி போட்டு வச்சிருக்…”

ரேடியோ நின்றுபோனது.

அத்தான் எதைத் தூக்கிப் போட்டாலும் ஒற்றை முடிச்சுப் போட்டுத்தான் போடுவார். அழுக்குத் துணி, சர்க்கரைத் தாள், பழைய ஒயர். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அதைப் பார்த்தவர் ரேடியோ. டார்ச் வெளிச்சம் அத்தானின் முகத்துக்கு வரவில்லை. பூட்ஸ்வரை வந்து நின்றது. பிறகு ரேடியோ குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல், மூக்கால் மூச்சு விட்டபடி அள்ளத் தொடங்கினார். பேச்சைவிட அந்தச் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது என்று அத்தான் சொன்னார்.

இருவருமாகக் கறுப்புப் பையில் வாரிப் போட்டார்கள். முடிச்சுகள் எண்ணெயில் ஊறி, முடி சுற்றி, கரப்பான் முட்டை ஒட்டி, நத்தைகள் மாதிரி வழுக்கின. கூண்டு விழுந்தால் தாங்குகிற பெரிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. அதன் பின்னால் அத்தான் கையை விட்டபோது தட்டையாக ஒன்று அகப்பட்டது. வேஃபர் பாக்கெட். பிரிக்காதது. வைராக்கியம் வந்த ஒரு நாள், இரண்டாவது பாக்கெட்டைத் தின்னாமல் அப்படியே இடைவெளிக்குள் தள்ளிவிட்டு, ஜெயித்தவர்போல வீட்டுக்குப் போயிருந்தார். அதுதான் இது.

ஒரு மூலையை எலி கடித்திருந்தது. ஓட்டை வழியாகக் கறுப்பு நீர் ஏறி, சாக்லேட் வெளுத்து, பூத்துப்போயிருந்தது. உள்ளே எலிப் புழுக்கை இரண்டு தெரிந்தது. அந்த நாற்றத்துக்கெல்லாம் நடுவில் ஒரு நூல் அளவுக்கு வெனிலா வாசனை வந்தது.

அத்தானின் வாயில் எச்சில் ஊறியது.

கடிக்காத பக்கம் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு தலைக்குள் ஓடியது. அவருடைய கட்டைவிரல் உறையைக் கிழிப்பதற்காக ஓரத்தில் இருக்கும் பல்வெட்டை அதுவாகவே தேடிக் கண்டுபிடித்தது.

“அண்ணே” என்றார் ரேடியோ. “எலி கடிச்சிருக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான்.”

ரேடியோ பையின் வாயை விரித்துப் பிடித்தார். அத்தானின் கை அதன் மேல் போய் நின்றது. விரல் விடவில்லை. ஏழு வருஷமாக எதை நினைத்து எதைத் தள்ளினாரோ, அவை இரண்டும் ஒன்றாக அவர் கையில் இருந்தன. வயிறு புரளவில்லை. வயிறு கேட்டது.

“நீயே எடுத்துடு. எனக்குக் கை வரல” என்றார்.

ரேடியோ எடுத்தார். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் பையையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், குழாயில் இருவரும் முழங்கைவரை கழுவினார்கள். மோட்டார் அறையின் நிழலில் ரேடியோ தன் டப்பாவைத் திறந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும்.

“காலைல என்ன சாப்டீங்க?”

“டீ.”

“நேத்து மத்தியானம்?”

“டீதான்.”

“வயித்தக் காலி வீடா வச்சிருந்தா எவனாவது குடிவந்துதாண்ணே தீருவான்.” பாதியைப் பிட்டு நீட்டினார். “தின்னுங்க. எம் முன்னாடிதான் தின்னணும்.”

அத்தான் தின்றார். ரொட்டியில் ரப்பர் கையுறை வாடை அடித்தது. முட்டை தொண்டையில் நின்றது. பெரிதாக ஒரு நிம்மதியும் வரவில்லை. ஆனால் முடிந்தபோது, இன்னொன்று வேண்டும் என்று கத்துகிற அது கொஞ்சம் குரலைத் தாழ்த்தியிருந்தது.

“பைய நான் வேன்ல போட்டுட்டுப் போயிடறேன்” என்றார் ரேடியோ. “அண்ணிகிட்ட, ஒண்ணுமில்ல, வெறும் எண்ணெய்தான்னு சொல்லிடலாம்.”

“நீ யார்கிட்டயும் சொல்லாம இருப்பியா?”

ரேடியோ நேர்மையாக யோசித்தார். “ரெண்டு நாள் இருப்பேன்.”

கீழே அக்கா ஆஸ்பத்திரிக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் மூன்றாம் மாடிக்காரர்களில் ஒருவன், போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன், சாப்பாட்டு நேரத்தில் இழுத்து வரப்பட்டவனாக நின்றான். நானும் இருந்தேன். பை இறங்கி வந்ததும் தரைத்தளக் கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினோம்.

“பிரிங்க” என்றாள் அக்கா.

ரேடியோ, “அண்ணி, இது வந்து…” என்றார்.

“பிரிங்கன்னேன்.”

பிரித்தார்கள். அக்கா இரண்டு விரலால் ஒன்றை எடுத்து, சொட்டச் சொட்ட அவன் முகத்துக்கு எதிரே பிடித்தாள். “இது யார் போட்டது?”

“நாங்க பிஸ்கட்டே வாங்கறதில்லக்கா.”

“அப்ப இது தானா வந்து, தானா முடிச்சுப் போட்டுக்கிச்சா?”

முடிச்சு என்ற சொல்லில் அவள் குரல் வழுக்கியது. கையில் இருந்ததை மறுபடி பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அத்தான் பேசிவிட்டார். அதுவரை ஓடிவிடலாம் என்றுதான் இருந்ததாம். அவளே கண்டுபிடித்து அந்த முகம் வருவதைவிட, தான் சொல்லி வருவது மேல் என்று அந்த நொடியில் தோன்றியதாம்.

“நான்தான்.”

“என்ன நீங்கதான்?”

“தின்னதும் நான்தான். போட்டதும் நான்தான்.”

மேலுதடு தூக்கிக்கொண்டது. கண் சிறுத்தது. கால் அரை அடி பின்னால் போனது. நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது.

போன் ரிப்பேர்க்காரன் பைக்குள் எட்டிப் பார்த்தான். “அவ்வளவும் ஒருத்தரா?” என்றான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

“நோட்டீஸ நானே கிழிச்சிடறேன். தப்பு எம்மேல. மன்னிச்சுக்கோப்பா” என்றாள் அக்கா. கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்து அந்தப் பையிலேயே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியேறினாள்.

வீட்டில் அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

“குண்டா இருந்தப்ப உங்களப் பாத்து எனக்கு ஒருநாளும் அருவருப்பா இருந்ததில்ல” என்றாள். “இப்ப இருக்கு. நான் அந்தப் பசங்களத் திட்டுறேன், நீங்க பக்கத்துல நின்னு, சில பேர் அப்படித்தான்னு சொல்றீங்க. வாயில அந்தத் தூள் இருந்திருக்கும் அப்ப.”

“இருந்துச்சு.”

அத்தோடு விட்டிருக்கலாம். அத்தான் வேஃபர் பாக்கெட்டையும் சொன்னார். புழுக்கையையும், எச்சில் ஊறியதையும், கட்டைவிரலையும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதவருகிலேயே நின்றாள்.

“இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?”

“இதுதான் விஷயம். மத்ததெல்லாம் வெறும் பிஸ்கட். குழிய நெனச்சா நின்னுடும்னு இருந்தேன். இன்னிக்கு அதுக்குள்ளயே நின்னேன், ஒண்ணும் நடக்கல. இனிமே எதை வச்சு நிறுத்துவேன்னு தெரியல.”

அக்கா ஆறுதல் சொல்கிற குரலில் இல்லாமல், வேலை விஷயம் பேசுவதுபோலச் சொன்னாள்: “நான் சேர்ந்த மொத மாசம் எனக்குச் சோறே எறங்கல. ரத்தம், சீழு, சொத்தப் பல்லு. இப்ப அதக் கழுவிட்டு, கையத் தொடச்சிட்டு, நேரா வந்து சாப்பிட உக்காந்துடறேன். எந்த அருவருப்பும் பழகிடும். அத நம்பிக்கிட்டா ஏழு வருஷம் இருந்தீங்க?”

மறுநாள் பழைய ஆலோசகரிடம் போனார்கள். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அந்த வெறி வரும்போது தனியாக இருக்கக் கூடாது, யாரிடமாவது அந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்றார். ஏழு வருஷத்துக்கு முன்பும் இதைத்தான் சொல்லியிருந்தாராம். எலி வால் கைவசம் இருந்ததால் அத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உடனே எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். பல வாரம் அவள் அத்தான் தொட்டுக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது, அவர் மெல்லும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் தண்ணீர் பிடிப்பாள். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகப் போகிறது என்றாள். அத்தான் அதையும் பார்த்துக்கொண்டே, மூன்று வேளையும், அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அதுதான் தண்டனை, அதுதான் மருந்து என்று ரேடியோ கம்பெனியில் அறிவித்தார். சொன்னபடி அவர் இரண்டு நாள் பொறுத்திருந்தார்.

ஒரு மதியம், ரேடியோ லீவில் இருந்த நாள், அத்தான் வேனைக் கேக் கடைக்கு எதிரே நிறுத்தியிருந்தார். தானாக நிறுத்தினாரா, வேனே நின்றதா என்று அவருக்கே தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார்.

“வந்திருக்கு” என்றார்.

விருந்தாளியைச் சொல்வதுபோல் இருந்தது என்றாள் அக்கா.

“சாப்டீங்களா?”

“சாப்பிட்டேன். சாப்பிட்டும் வந்திருக்கு.”

அக்கா கையில் இருந்ததைச் சொன்னாள். “நான் ஒரு தட்டு கழுவிட்டிருக்கேன். ரெண்டு கடவாப் பல்லு, வேரோட. ஒண்ணுல சதை…”

“வேண்டாம். அது இப்ப வேலை செய்யாது.”

“உங்களுக்காகச் சொல்லல. எங்கையில இதுதான் இருக்கு.”

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்குள் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வெண்ணெய் வாசனை வேனுக்குள் எட்டியது. அக்கா புது டாக்டரைப் பற்றிச் சொன்னாள். ஊசியைக் கழற்றாமலே தட்டில் போடுகிறாராம், கேட்டால் சிரிக்கிறாராம். அத்தானின் கை வேன் கதவின் கைப்பிடியில் இருந்தது. அதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

“கைய எடுத்து ஸ்டியரிங்ல வைங்க.”

வைத்தார்.

“போச்சா?” என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.

“இல்ல. கொஞ்சம் தள்ளி நிக்குது.”

“எனக்கு இன்னும் ஒரு அடுக்குத் தட்டு கிடக்கு. போனை வைக்காதீங்க, ஸ்பீக்கர்ல போட்டுக் கழுவறேன்.”

தண்ணீர் திறக்கும் சத்தம் வந்தது. கருவிகள் ஒன்றோடொன்று உரசின. திடீரென்று அக்கா, “சீ… அய்ய” என்றாள்.

அத்தான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். “என்ன?”

“உங்களச் சொல்லல” என்றாள் அக்கா. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.